கொல்லன் உலையும் தமிழ்ச் சொல்லும்

பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில், கிரியான் ஆற்றையொட்டி அமைந்துள்ள ஊர் நிபோங் திபால். நிபோங் என்பது சதுப்பு நிலத்தில் வளரும் ஒருவகைப் பனை. திபால் என்னும் மலாய்ச் சொல்லுக்குத் தடித்தது, செறிந்தது என்பது பொருள். நிபோங் பனைகள் செறிந்து நின்றமையால் இவ்வூர் இப்பெயர் பெற்றது என்பர். இப்பனையின் புறவைரம் மிகக் கடினமானது. கடலோர மக்கள் மீன்பிடிக் கட்டுகளுக்கு நடுகால்களாகவும் வீடுகளுக்குத் தூண்களாகவும் இதனை நெடுங்காலம் பயன்படுத்தி வந்தனர். இத்தகைய மரங்கள் நிறைந்த சதுப்புக் காட்டை அழித்துத்தான் இவ்வட்டாரத்தில் கரும்பும், பின்னர் ரப்பரும், அதன் பின்னர்ச் செம்பனையும் பயிராயின. காட்டை வெட்டியவர் யாவர் என்பதை வரலாறு ஓரளவேனும் சொல்கிறது. அவர்தம் கைக்கோடரியை அடித்துக் கூராக்கித் தந்தவர் யாவர் என்று கேட்டாரில்லை. அந்தக் கேள்வியிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகின்றது.

தோட்டமும் பட்டறையும்

1800ஆம் ஆண்டில் கெடா அரசரிடமிருந்து ஆங்கிலேயர் பெற்ற நிலப்பகுதி அந்நாளில் வெல்லெஸ்லி மாகாணம் எனப்பட்டது. இன்று அது செபராங் பிறை. 1840களில் ஐரோப்பியர் இங்குப் பெரிய அளவில் கரும்புத் தோட்டங்களைத் திறந்தனர். நிபோங் திபாலைச் சூழ்ந்த கலிடோனியா, பைராம், விக்டோரியா ஆகிய பெயர்கள் அக்காலத்தின் எச்சங்களே. இத்தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக மக்கள் கொண்டுவரப்பட்டனர். ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. அதே காலப்பகுதியில் கரும்பு மறைந்து ரப்பர் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.

கரும்புத் தோட்டம் என்றால் ஆலையும் உடன் உண்டு. கரும்பைப் பிழியும் இரும்பு உருளைகள், சாறு காய்ச்சும் கொப்பரைகள், கரும்பேற்றிச் செல்லும் வண்டிகள், வாய்க்கால்களின் மதகுகள் ஆகிய யாவற்றிலும் இரும்பு இருந்தது. இரும்பு தேயும், உடையும், வளையும். ஆயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்து மாற்றுறுப்பு வந்து சேரும்வரை கரும்பு காத்திராது. வெட்டிய கரும்பின் சாறு விரைவில் புளித்துவிடும். எனவே ஆலையின் அருகே உலையும் பட்டடையும் இருந்தே தீரவேண்டும். மண்வெட்டிக்கு வாய் அடிக்கவும், கத்திக்குத் தோய்ச்சல் ஏற்றவும், வண்டிச் சக்கரத்திற்குப் பட்டை கட்டவும் கொல்லன் கை வேண்டியிருந்தது. ரப்பர்க் காலத்திலும் நிலைமை பெரிதும் மாறவில்லை.

இவ்வட்டாரத்தில் தொண்ணூற்றொன்பது கதவு மாளிகை என வழங்கும் பழைய தோட்ட மாளிகையைப் பற்றிப் பலரும் பேசுவர், எழுதுவர். ஒவ்வொரு கதவுக்கும் கீலும் தாழும் உண்டு என்பதை நினைப்பவர் சிலரே. மாளிகைக்கு வரலாறு உண்டு, பட்டறைக்கு இல்லை. இக்குறை நம் வரலாற்று நோக்கின் குறையாகும்.

இந்நாட்டில் கொல்லுத்தொழில் தமிழர்க்கு மட்டுமே உரியதன்று. மலாய்க் கொல்லர், நிமிர்த்தி நாட்டிய இரண்டு குழாய்களுக்குள் உந்துதண்டுகளை மாறி மாறி இறக்கிக் காற்றூதினர். சீனக் கொல்லர், முன்னிழுத்தாலும் பின்தள்ளினாலும் காற்றுவரும் மரப்பெட்டித் துருத்தியைக் கையாண்டனர். தமிழ்க் கொல்லர் ஆட்டுத்தோலால் அல்லது மாட்டுத்தோலால் ஆன துருத்தியைக் கொண்டிருந்தனர். மூன்று மரபுகளும் வேறுவேறு வழியில் சென்று ஒரே செயலைச் செய்தன: இடையறாத காற்றைக் கரியின் அடிக்குச் செலுத்தின. பல்லின மக்கள் வாழும் நாட்டில் தொழில்களின் வரலாற்றை ஒப்பிட்டு ஆராய இதனினும் சிறந்த தொடக்கம் வேண்டுமோ?

நூல்களில் கொல்லன்

தமிழ்க் கொல்லன் கொண்டுவந்த அறிவு எத்துணைப் பழையது என்பதைச் சங்க நூல்கள் காட்டும். புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார், ஒரு வீரனை உருவாக்குவதில் தாய், தந்தை, அரசன் ஆகியோர்க்குரிய கடமைகளைக் கூறுமிடத்தில், வேலை வடித்துத் தருவதைக் கொல்லனுக்குரிய கடமையாக வைக்கின்றார். தாய்க்கும் வேந்தனுக்கும் நடுவே கொல்லனுக்கும் ஓர் இடம் உண்டு என்பது எண்ணத்தக்கது.

குறுந்தொகையின் 172ஆம் பாடல் இன்னும் நுட்பமானது. பாடியவர் கச்சிப்பேட்டு நன்னாகையார். பிரிவால் வருந்தும் தலைவியின் நெஞ்சு ஓய்வறியாது துடிக்கிறது. அதற்கு அவர் காட்டும் உவமை, ஏழு ஊர்களின் பொதுவேலையை ஓர் ஊரில் இருந்துகொண்டு செய்யும் கொல்லனது உலையில் இயங்கும் மிதிதோல். இவ்வுவமையால் இரண்டு செய்திகள் பெறப்படும். ஒன்று, ஊருக்கோர் உலை இல்லாத இடத்தில் பல ஊர்கள் ஓர் உலையைச் சார்ந்து வாழ்ந்தன. மற்றொன்று, துருத்தி காலால் மிதித்தும் இயக்கப்பட்டது.

திருக்குறளில் கூடாநட்பு அதிகாரத்தின் முதற்குறள், மனம் பொருந்தாதவரின் நட்பைப் பட்டடைக்கு ஒப்பிடுகின்றது. இவ்வுவமையை நாம் வகுப்பில் எவ்வாறு விளக்குகின்றோம்? 'பட்டடை என்பது இரும்பை வைத்து அடிக்கும் கருவி' என்று சொல்லிக் கடந்து விடுகின்றோம். அக்கருவியைக் கண்ணால் கண்டிராத மாணவனுக்கு அவ்விளக்கம் வெறும் ஒலியாகவே நின்றுவிடும். இக்குறளுக்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

மண்ணுக்குள் இருந்த சான்று

இலக்கியம் சொன்னதை மண்ணும் சொல்லியிருக்கிறது. பொருநை ஆற்றங்கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழ்வுகளில் தாழிகளோடு ஏராளமான இரும்புக் கருவிகள் கிடைத்தன. நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் 1985ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு தொடங்கியது. பதிற்றுப்பத்தில் மணிகளுக்குப் பெயர்பெற்ற கொடுமணம் இவ்வூரே என ஆய்வாளர் கொள்வர். அங்கு மணிகளோடு இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும் வெளிப்பட்டன. 2025ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கை, சிவகளை முதலிய இடங்களில் கிடைத்த கரிமக் காலக்கணிப்புகளைக் கொண்டு, இரும்பின் தொன்மையைக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை கொண்டு செல்கின்றது. இக்கணிப்பைப் பற்றி அறிஞர்களிடையே ஆராய்ச்சி நடைபெற்று வருகின்றது.

இரும்பினும் உயர்ந்தது உருக்கு. தேனிரும்புத் துண்டுகளைச் சிறு மண்கோவையில் இட்டு, ஆவாரங் குச்சிகளையும் எருக்கு முதலியவற்றின் பச்சிலைகளையும் உடன்வைத்து, வாயை மண்ணால் மூடி, பல மணிநேரம் கடுந்தீயில் வைப்பர். செடியிலுள்ள கரிமம் இரும்பினுள் ஏறி, அது உருகித் திரண்டு, ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு விழுக்காடு கரிமம் கொண்ட உருக்குக் கட்டியாகும். ஐரோப்பியர் இதனை 'ஊட்ஸ்' என்றனர். அச்சொல், தமிழில் உருக்கு என்றும் கன்னடத்தில் உக்கு என்றும் வழங்கும் தென்மொழிச் சொல்லின் திரிபு என்பது பெரும்பாலோர் கருத்து. 1795ஆம் ஆண்டில் ஜார்ஜ் பியர்சன் இலண்டன் அரச கழகத்தில் இதுபற்றி ஆய்வுரை அளித்தார். 1819ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே இதனைப் பகுத்தாராய்ந்தார். பின்னாளில் மின்னியலில் புகழ்பெற்ற அவ்வறிஞர், தம் இளமையில் நம் கொல்லர் செய்த உருக்கின் மறைபொருளை அறிய முயன்றார் என்பது மாணவர்க்குச் சொல்லத்தக்க செய்தியன்றோ!

உலை அவிந்த கதை

இத்துணைப் பெருமை வாய்ந்த தொழில் நலிந்தது எங்ஙனம்? 1830ஆம் ஆண்டளவில் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையிலான இரும்பாலை ஒன்றை நிறுவினார். சேலம் வட்டாரத்து இரும்புக் கல்லே அதற்கு மூலப்பொருள். ஹீத் நாட்டுக் கொல்லரின் உருக்கு முறையை நுணுகிக் கண்டு எழுதியவருமாவார். ஆயினும் அவ்வாலை மீண்டும் மீண்டும் நட்டமுற்று, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூடப்பட்டது. நிலக்கரி கொண்டு மலிவாகச் செய்த இங்கிலாந்து இரும்போடு, மரக்கரியை நம்பிய ஆலை போட்டியிட இயலவில்லை.

பேராலைக்கே இந்நிலை என்றால் சிற்றூர்க் கொல்லன் என் செய்வான்? கரிக்கு மரம் அரிதாயிற்று; காட்டுக்குச் சட்டம் வந்தது; கப்பலில் வந்த இரும்புக் கம்பி மலிவாகக் கிடைத்தது. கல்லிலிருந்து இரும்பு எடுக்கும் அறிவு முதலில் மறைந்தது. கோவையில் உருக்கு ஆக்கும் அறிவு அடுத்து மறைந்தது. வந்த இரும்பை வளைத்தும் நீட்டியும் கருவியாக்கும் அறிவே எஞ்சியது.

இதற்கு உள்காரணம் ஒன்றும் உண்டு. கொல்லுத்தொழில் பிறப்பு வழியே தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. நூலில் எழுதப்படவில்லை, பிறர்க்குக் கற்பிக்கப்படவில்லை. கொல்லன் மகன் கொல்லனாக விரும்பாத நாளில், அல்லது அவனுக்கு அத்தொழில் சோறு போடாத நாளில், அறிவுச்சங்கிலி அறுந்து போயிற்று. ஒரு குடும்பத்துள் அடைபட்ட அறிவு அக்குடும்பத்தோடு மறையும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று இல்லை.

நம் நாட்டிலும் இதுவே நடந்தது. 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. ஆலைகளில் வார்த்த கருவிகள் கடைகளில் குவிந்தன. பற்றவைப்புக் கருவி வந்தபின் உலையின் தேவை குறைந்தது. தீ அவிந்தது, பெயரும் மறைந்தது.

கடாரத்து உலைகள்

எனினும் நாம் வாழும் இம்மண் இரும்பை அறியாத மண்ணன்று. நிபோங் திபாலுக்கு வடக்கே, கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில், மெர்போக் ஆற்றையடுத்த சுங்கை பத்து என்னுமிடத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் அகழாய்வு செய்தனர். செங்கற் கட்டடங்களோடு இரும்பு உருக்கிய களங்களும், கசடுக் குவியல்களும், காற்றை உலைக்குள் செலுத்திய சுடுமண் ஊதுகுழாய்களும் பெருந்தொகையாகக் கிடைத்தன. இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் படையெடுத்த கடாரம் இவ்வட்டாரமே என்பதை நாம் அறிவோம். அதற்கும் பல நூற்றாண்டுகள் முற்பட்டே இங்கு இரும்பு ஆக்கப்பட்டது. அவ்வுலைகளைத் தமிழரே அமைத்தனர் என உரிமை பாராட்டுதல் முறையன்று. இம்மண்ணின் மக்கள் ஆக்கிய இரும்பு, வணிகக் கடல்வழியில் பல நாட்டாரையும் இங்கே அழைத்தது எனக் கொள்வதே பொருந்தும்.

மற்றொரு பொருத்தமும் உண்டு. அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் 2001ஆம் ஆண்டு முதல் நிபோங் திபாலில் இயங்கி வருகின்றது. உலோகங்களையும் கனிமங்களையும் ஆராயும் துறை அங்குண்டு. கொல்லன் கண்ணாலும் காதாலும் அறிந்தவற்றை, நுண்ணோக்கியும் அளவியும் கொண்டு இளைஞர் அங்கே கற்கின்றனர்.

மீண்டும் மூண்ட தீ

மேலை நாடுகளிலும் கொல்லுத்தொழில் ஒருகால் மறையும் நிலைக்கு வந்ததுதான். அமெரிக்காவில் அலெக்ஸ் பீலர் என்பவர் 1969ஆம் ஆண்டில் கொல்லுக்கலை பற்றி ஒரு நூல் எழுதினார். 1973ஆம் ஆண்டில் ஜார்ஜியா மாநிலத்தில் ஆர்வலர் சிலர் கூடி, வட அமெரிக்கக் கலைக்கொல்லர் சங்கத்தை நிறுவினர். 1978ஆம் ஆண்டில் பிரிட்டனிலும் அத்தகைய சங்கம் தோன்றியது. ஆசிரியர், எழுத்தர், மருத்துவர் எனப் பல தொழிலினரும் ஓய்வு நாளில் சம்மட்டி பிடிக்கத் தொடங்கினர். அவர்களுக்கு அது பிழைப்பன்று; விருப்பம். ஆயினும் அந்த விருப்பமே தொழிலறிவைக் காத்தது. முதிய கொல்லர்களிடம் எஞ்சியிருந்தவற்றைக் கேட்டு எழுதினர். பிறப்பு நோக்காது யார்க்கும் கற்பித்தனர். நம்மிடம் அறுந்த சங்கிலியை மீண்டும் இணைக்கும் வழி இதுவே எனத் தோன்றுகிறது.

வீட்டில் ஓர் உலை

உலை அமைப்பது பெருஞ்செலவுடைய செயல் என எண்ணவேண்டா. தேவையானவை நான்கே: தீ, காற்று, பட்டடை, சுத்தியல்.

தீக்குக் கரி வேண்டும். நிபோங் திபாலுக்குத் தெற்கே, பேராவின் மாத்தாங் சதுப்புக் காடுகளில் வளரும் பாக்காவ் மரத்தைச் சூளையிட்டு எடுக்கும் கரி பெயர் பெற்றது. வன்மரக் கரியாதலின் நின்று எரியும். பழைய லாரியின் பிரேக் உருளை ஒன்றைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்து, அடியில் இரும்புக் குழாய் பொருத்தினால் அதுவே உலைக்குழி. குழாயின் மறுமுனையில் சிறு காற்றூதியை இணைத்தால் துருத்தியின் வேலை முடிந்தது. காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு தடுப்பு இருத்தல் நலம். பழைய இரும்புக் கடையில் முறையாக விலைகொடுத்து வாங்கிய தண்டவாளத் துண்டு நல்ல பட்டடையாகும். அதனை அடிமரத்தின்மேல், நிற்பவரின் விரல்மடித்த கை தொடும் உயரத்தில் இறுக்கவேண்டும். ஒரு கிலோ எடையுள்ள சுத்தியலும் நீண்ட கைப்பிடியுள்ள ஒரு குறடும் தொடக்கத்திற்குப் போதும்.

உலைக்கூடம் காற்றோட்டம் உடையதாகவும் சற்றே இருண்டதாகவும் இருத்தல் வேண்டும். இருள் எதற்கு என்பீர். கொல்லனுக்கு வெப்பமானி அவனது கண்ணே. வெயிலில் இரும்பின் நிறம் தெரியாது. மங்கிய சிவப்பு ஏறத்தாழ 700 பாகை. செம்மஞ்சள் ஏறத்தாழ 950 பாகை. மஞ்சள் 1,100 பாகைக்கு மேல். வெண்பொறிகள் பறந்தால் இரும்பு எரிகிறது என்று பொருள். செம்மஞ்சளிலும் மஞ்சளிலும் அடித்தால் இரும்பு இசையும். சிவப்பு மங்கியபின் அடித்தால் வெடிக்கக் கூடும்.

முதலில் மெல்லிரும்புக் கம்பியில் ஒரு கொக்கி செய்து பழகுக. முனையை நீட்டுதல், வளைத்தல், முறுக்குதல் என்னும் மூன்று பாடங்கள் அதில் அடங்கும். பின்னர் லாரியின் பட்டைவில் துண்டில் ஒரு சிறுகத்தி முயலலாம். மெல்லிரும்பில் கரிமம் மிகக் குறைவு. அது தோய்ச்சல் ஏற்காது. பட்டைவில்லில் ஏறத்தாழ 0.6 விழுக்காடு கரிமம் உண்டு, ஆதலின் ஏற்கும். இரும்பைக் காய்ச்சும்போது ஏறத்தாழ 770 பாகையில் காந்தம் அதனை ஈர்ப்பதை விட்டுவிடும். அதற்குச் சற்று மேலே ஏற்றி எண்ணெயில் தோய்த்தால் உருக்கு மிகக் கடினமாகும். ஆனால் கண்ணாடிபோல் உடையும். மீண்டும் 200 பாகைக்கு மேல் மெல்லச் சூடேற்ற, துலக்கிய பரப்பில் வைக்கோல் நிறம் தோன்றும்; மேலும் ஏற்றினால் ஊதாவும் நீலமும் வரும். வைக்கோல் நிறம் கத்திக்கு, நீலம் வில்லுக்கு. கடினத்தைச் சிறிது விட்டுக்கொடுத்து உறுதியைப் பெறுவதே இந்நுட்பத்தின் சாரம்.

'இரும்படிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை' என்னும் பழமொழி பாதுகாப்புக்கும் பொருந்தும். சிறுவர் மூத்தோர் துணையின்றி உலையை அணுகலாகாது. கண்ணுக்குக் கண்ணாடியும் காலுக்கு மூடிய தோற்காலணியும் தேவை. எளிதில் உருகி ஒட்டும் செயற்கை இழை ஆடையைத் தவிர்த்துப் பருத்தி உடுத்தவேண்டும். துத்தநாகம் பூசிய இரும்பை உலையில் இடுதல் கேடு. அதன் புகை நோய் தரும். கரித்தீயில் மணமற்ற நச்சுவாயு உண்டாகும். மூடிய அறையில் உலை மூட்டுதல் உயிர்க்கே தீங்கு. ஒலியும் புகையும் அண்டை வீட்டாரை வருத்தாத இடமும் நேரமும் பார்த்தல் பண்புடைமையாகும்.

சொல்லும் பொருளும்

இப்போது குறளுக்கு வருவோம். ஒரு மாணவன் குறட்டால் பழுத்த இரும்பைப் பற்றிப் பட்டடைமேல் வைக்கிறான். அடியில் தாங்குவது எதுவும் இன்றி அந்தரத்தில் பிடித்த இரும்பை அடித்துப் பார்க்கட்டும். அது அடிக்கு நெகிழ்ந்து விலகும், உருமாறாது. பட்டடைமேல் வைத்தபின் அடித்தால் ஒவ்வோர் அடியும் முழுதாக இறங்கும். பட்டடை இரும்பைத் தாங்குகின்றது. தாங்குவதாலேயே அடி வலுவாக விழுகின்றது. உள்ளத்தால் பொருந்தாதவரின் நட்பும் இத்தகையதே: வாய்ப்பு வரும்வரை தாங்கிக் கொண்டிருக்கும், வந்தபோது அடிக்குத் துணையாய் நிற்கும். எட்டு அடிகள் அடித்த மாணவனுக்கு இக்குறளின் உவமையை யாரும் விளக்கத் தேவையில்லை.

குறுந்தொகையின் மிதிதோலும் அவ்வாறே. துருத்தியைச் சிறிது நேரம் நிறுத்திப் பார்த்தால் தீ மங்குவது தெரியும். இரும்பு குளிர்வது தெரியும். ஏழு ஊரார் தத்தம் கொழுவோடும் அரிவாளோடும் காத்திருக்கும்போது அத்துருத்தி எங்ஙனம் ஓயும்? தலைவியின் நெஞ்சத் துடிப்பைப் புலவர் ஏன் அங்கே கண்டார் என்பது, கை நோவத் துருத்தி இயக்கியவனுக்கு உடனே விளங்கும்.

தமிழாசிரியர் ஒவ்வொருவரும் கொல்லராகவேண்டும் என்பது நம் கருத்தன்று. பள்ளித் தமிழ்க் கழகம் ஒன்று, ஆண்டுக்கு ஒரு நாளேனும், மாணவர்களை உலை எரியும் இடத்திற்கு அழைத்துச் சென்று காட்டலாம். வட்டாரத்தில் எஞ்சியுள்ள பழைய பட்டறைகளின் கருவிகளைப் படமெடுத்து, அவற்றின் பெயர்களை முதியோரிடம் கேட்டுப் பதிவு செய்யலாம். மலாய், சீனக் கொல்லர் வழங்கும் பெயர்களையும் அருகே எழுதி ஒப்பிடலாம். ஆர்வமுள்ள இளைஞர் சிலர் கூடிப் பொதுவில் ஓர் உலை அமைத்தால், ஏழு ஊர்க்கு ஓர் உலை என்னும் பழைய முறையே புதிய வடிவில் திரும்பும்.

உலை, துருத்தி, பட்டடை, சம்மட்டி, குறடு, கொழு, தோய்ச்சல் என்னும் இச்சொற்கள் அகராதியில் இன்றும் உள்ளன. அகராதி சொல்லைக் காக்கும். பொருளைக் கைதான் காக்கவேண்டும். முன்பு பிறப்பால் மட்டுமே பெறத்தக்கதாயிருந்த அறிவு இன்று விரும்புவோர் யார்க்கும் எட்டும் நிலையில் உள்ளது. சங்கம் மருவிய காலந்தொட்டு இத்தொழிலுக்குக் கிட்டாத வாய்ப்பு இது. நிபோங் பனைக் காட்டை வெட்டிய கோடரிகளை வடித்த கைகளுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன், அவ்வறிவை மீண்டும் ஒருமுறை கற்றுக்கொள்வதே.